பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கை முறிந்தவர்கள், கை மரத்துப் போனவர்கள், ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு கையைப் பழக்கிக் கொடுப்பது என் வேலை. "ஏதாவது மருத்துவம் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் அக்கா கூப்பிட்டார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்ல நிறைய பேர் வருகிறார்கள். நான் கையைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் ஒரே ஒரு விஷயம். ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து, "கை எப்படிம்மா இருக்கு?" என்று நாங்கள் கேட்கும்போது நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

(கூட்டத்தில் பலர்: "பரவாயில்ல!")

பாருங்கள், நான் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த ஒரு வார்த்தையை நம்பி நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த ஊர் இல்லை, வேறு ஒரு ஊரில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அக்கா வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். குழுக் கடனில் கிரைண்டர் வாங்கி ஆரம்பித்த கடை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு நொறுங்கிவிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு நமக்கு எலும்பு மெலிந்துபோகும். அதனால் இப்படிக் கையை ஊன்றி விழுந்து முறிவது பெண்களிடம் ரொம்பச் சகஜம். டாக்டர் ஆபரேஷன் செய்து, பிளேட் வைத்து, ஸ்க்ரூ போட்டு எலும்பைச் சேர்த்தார். நல்ல ஆபரேஷன்தான். அதில் குறை ஒன்றும் இல்லை.

முதல் ஆறு வாரம் அந்த அக்கா பயிற்சிக்கு ஒழுங்காக வந்தார். அப்புறம் பஸ், செலவு, வீடு என்று நின்றுபோனது. மூன்றாம் மாதம் டாக்டரைப் பார்க்க வந்தார். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது. டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாளை நிரப்பவேண்டும். அதுதான் என் வேலை. அதில் 11 கேள்வி. ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டி, அவர் சொல்கிற பதிலுக்கு நேராக வட்டம் போடவேண்டும். அன்றைக்கு வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். நான் வாசிக்கவில்லை. "கை எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "பரவால்ல கண்ணு" என்றார்கள். "கொஞ்சம் சிரமம்" என்கிற 2-ஆம் எண்ணைப் பதினொன்றுக்கும் வரிசையாக வட்டம் போட்டேன். கணக்குப் போட்டால் 25 வந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், 25-ஐப் பார்த்தார். "நல்லாயிருக்கு, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் நாமே கையெழுத்துப் போட்டால் என்ன பெயர்? நான் செய்ததும் அதுதான்.

அந்தக் கேள்வித்தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் 'டேஷ்'. கை, தோள், முன்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாள். கனடாவில் டொராண்டோவில் இருக்கிற, வேலையும் உடல்நலமும் பற்றி ஆராய்கிற ஒரு நிறுவனமும், அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து தயாரித்தது. 1996-ல் வெளியானது. அதில் 30 கேள்வி. பெரிதாக இருக்கிறது என்று 2005-ல் 11 கேள்வியில் சின்னதாக ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு 'குயிக் டேஷ்' என்று பெயர்.

டாக்டர்களிடம் எக்ஸ்ரே இருக்கிறது. மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க என்னிடம் கோணமானி இருக்கிறது. பிடியின் பலத்தைக் கிலோவில் காட்டும் கருவியும் உண்டு. பிறகு எதற்கு நோயாளியிடம் கேள்வி? ஏனென்றால் எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். அந்தக் கையால் முறுக்கு பிழிய முடியுமா என்பது அதில் தெரியாது. ஒரே மாதிரி எக்ஸ்ரே, ஒரே மாதிரி பிடி பலம் இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி வேலைக்குப் போயிருப்பாள், இன்னொருத்தி ராத்திரி வலியில் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். அந்த வித்தியாசம் கையை வைத்துக்கொண்டு வாழ்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவரையே மார்க் போடச் சொல்கிறார்கள்.

என்ன கேட்பார்கள்? இறுக்கமான மூடியைத் திறக்க முடியுதா? வீட்டில் கனமான வேலை, சுவர் தரை கழுவுவது மாதிரி, செய்ய முடியுதா? கடையில் வாங்கின சாமான் பையைத் தூக்க முடியுதா? முதுகு தேய்க்க முடியுதா? கத்தியால் நறுக்க முடியுதா? கையில் வேகமும் அதிர்வும் விழுகிற காரியங்கள், சுத்தியலால் அடிப்பது மாதிரி, முடியுதா? கையால் உறவு, சிநேகிதம், விசேஷங்களுக்குப் போவது கெட்டதா? தினப்படி வேலை குறைந்ததா? வலி எவ்வளவு, குத்தல் மதமதப்பு எவ்வளவு, தூக்கம் எப்படி? இவ்வளவுதான். எல்லாமே போன ஒரு வாரத்தை நினைத்துச் சொல்லவேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். சிரமமே இல்லை என்றால் 1. முடியவே முடியாது என்றால் 5. நம் வட்டிக் கணக்கை விட இது சுலபம். பதினொன்றையும் கூட்டுங்கள், 11-ஆல் வகுங்கள், ஒன்றைக் கழியுங்கள், 25-ஆல் பெருக்குங்கள். கூட்டினால் 33 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 3, ஒன்று போனால் 2, இரண்டு இருபத்தைந்து 50. பரீட்சை மார்க் மாதிரி இல்லை, இங்கே குறையக் குறையத்தான் நல்லது. 0 என்றால் கையால் ஒரு தொந்தரவும் இல்லை, 100 என்றால் ஒன்றுமே முடியவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடவேண்டும், நிறைய பேர் குழம்புகிறார்கள். இந்த மார்க் 70 வந்தால் அது 70 சதவீத ஊனம் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அரசு விதிப்படி டாக்டர்கள் தனியாக அளந்து பார்த்துத்தான் சதவீதம் போடுவார்கள். அதனால் இதில் மார்க்கைக் கூட்டிச் சொல்லி ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. குறைத்துச் சொன்னால் நஷ்டம் உண்டு.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து, அவங்க குழு ஊக்குநர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தவணை இரண்டு மாதமாக வரவில்லையாம். முதல் மாதம் "கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்லியிருக்கிறார், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டார்கள். இரண்டாவது மாதம் ஊக்குநர் வீட்டுக்கே போயிருக்கிறார். கடை சாத்தியிருக்கிறது. கிரைண்டர் மேல் துணி போட்டு மூடியிருக்கிறது. கை நன்றாக இல்லை என்று எந்தத் தாள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டுமோ அந்தத் தாள் சொல்லவில்லை, கடன் புத்தகம் சொல்லியிருக்கிறது.

என்ன ஆகியிருந்தது தெரியுமா? மணிக்கட்டு முன்னும் பின்னும் ஓரளவு மடங்கியது. ஆனால் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்ப முடியவில்லை. நீங்கள் எல்லோரும் இப்போது வலது முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, உள்ளங்கையை வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். பிரசாதம் வாங்குகிற மாதிரி. அந்த அக்காவுக்குக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. முகம் கழுவத் தண்ணீர் ஏந்த முடியாது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாது. கடையில் சில்லறையை வலது கையில் வாங்க முடியாது, வழிந்து கீழே விழும். அதனால் இடது கையை நீட்டியிருக்கிறார். காலையில் முதல் வியாபாரத்தில் இடது கையில் காசு வாங்கினால் நம் ஊரில் என்ன பேச்சு வரும்? ஒருத்தர், "என்னம்மா பீச்சாங்கையை நீட்டறே" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அப்புறம் அவர் வரவே இல்லையாம். இட்லிக் கொப்பரையை இறக்குவதும் முடியவில்லை, மாவு வழிப்பதும் முடியவில்லை. அதையெல்லாம் கூடத் தாங்கியிருக்கிறார். அந்தப் பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டார்.

நான் அழாத குறை. "ஏங்க்கா அன்னைக்குப் பரவாயில்லன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "எப்படி இருக்கேன்னுதானே கண்ணு கேட்டே? நல்லாத்தான் இருந்தேன். கையால எது முடியலேன்னு நீ கேக்கலியே."

அன்றைக்குப் பதினொன்றையும் உட்கார்ந்து வாசித்தேன். மூடி திறப்பது 5, கனமான வேலை 4, பை 4, முதுகு 4, கத்தி 4, வேகமான காரியம் 5, உறவு சிநேகிதம் 3, வேலை 5, வலி 3, குத்தல் 2, தூக்கம் 3. கூட்டினால் 42. கணக்குப் போட்டால் 70. நான் எழுதியிருந்தது 25.

இந்தத் தாளில் பத்துப் பதினைந்து புள்ளி மாறினாலே நோயாளிக்கு உண்மையாகவே ஒரு மாற்றம் தெரியும் என்பார்கள். நான் நாற்பத்தைந்து புள்ளியை விழுங்கியிருந்தேன். அதைவிட, இரண்டு மாதத்தை விழுங்கியிருந்தேன். மணிக்கட்டு ஆபரேஷனுக்குப் பிறகு முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான் வரும். ஒரு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும், ஆனால் அந்த ஆரம்ப மாதங்களில் பழகுகிற மாதிரி பின்னால் வராது. இறுகின மூட்டு சும்மா இருந்தால் மேலும் இறுகும்.

மறுபடி பயிற்சி ஆரம்பித்தோம். வாரத்தில் இரண்டு நாள் ஊக்குநரே பஸ்ஸில் கூட்டிவந்தார். வீட்டில் செய்ய ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, தோசைக் கரண்டியைக் காம்பில் பிடித்து, அதன் கனத்தில் உள்ளங்கை மெதுவாக மேலே திரும்புகிற மாதிரி. மாதம் ஒரு தடவை தாளை வாசித்தேன், முழுசாக. 70, அப்புறம் 57, ஒரு மாதம் மாறவே இல்லை, அப்புறம் குறைந்தது. ஐந்தாவது மாதம் 27 வந்தது. நான் பொய்யாக எழுதின 25-க்குப் பக்கத்தில் உண்மையாக வந்து சேர்ந்தார். உள்ளங்கை முழுசாக மேலே திரும்பவில்லை, இன்றைக்கும் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். சின்னக் கொப்பரை வாங்கி இரண்டு ஈடாக ஊற்றுகிறார். காசுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துவிட்டார். கடை நடக்கிறது. தவணையும் வருகிறது, அதை ஊக்குநர் போனில் சொன்னார்.

சரி, உங்களிடம் யாராவது இந்தத் தாளை நீட்டினால் எப்படிப் பதில் சொல்வது?

நாங்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிற பதில், "அதெல்லாம் மருமக செய்யறா." மருமகள் செய்வது சந்தோஷம். ஆனால் கேள்வி அது இல்லை. போன வாரம் நீங்கள் அந்த வேலையைச் செய்யவே இல்லை என்றால், செய்திருந்தால் எவ்வளவு சிரமப்பட்டிருக்கும் என்று யோசித்துச் சொல்லச் சொல்லித்தான் தாளிலேயே எழுதியிருக்கிறது. முடியாததால் மருமகளிடம் விட்டீர்களா, மருமகள் இருப்பதால் விட்டீர்களா? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அப்புறம், எந்தக் கையால் செய்கிறீர்கள் என்று தாள் பார்ப்பதில்லை. காரியம் முடிகிறதா என்றுதான் பார்க்கும். வலது கை விழுந்துபோய் எல்லாவற்றையும் இடது கையால் சமாளித்தாலும் மார்க் குறைவாகத்தான் வரும். இது அந்தத் தாளில் எனக்குப் பிடிக்காத விஷயம். நம் ஊரில் இரண்டு கையும் ஒன்று இல்லை. அதனால் மார்க் போட்ட பிறகு, "இதெல்லாம் இடது கையாலதான் செய்யறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த அக்கா சொல்லியிருந்தால் எனக்கு உடனே புரிந்திருக்கும். இல்லை, நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சில கேள்வி நமக்குச் சிரிப்பு வரும். 30 கேள்வித் தாளில் கோல்ஃப், டென்னிஸ் எல்லாம் வரும். ஸ்வெட்டர் மாட்டுவதைக் கேட்பார்கள். "ஸ்வெட்டருக்கு நான் ஊட்டிக்கா போறேன்?" என்று ஒரு பாட்டி கேட்டார். அதற்காக நாங்கள் கேள்வியை இஷ்டத்துக்கு மாற்றிக் கேட்கக்கூடாது. மாற்றினால் இங்கே வந்த 40-ம் வேறு ஊரில் வந்த 40-ம் ஒன்றாக இருக்காது. வேறு மொழிக்குக் கொண்டுபோக முறை இருக்கிறது. சிலர் மொழிபெயர்ப்பார்கள், வேறு சிலர் அதைத் திரும்ப இங்கிலீஷில் எழுதிப் பார்ப்பார்கள், அப்புறம் நோயாளிகளிடம் கொடுத்து, புரிகிறதா, நம் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா என்று சோதிப்பார்கள். உங்களுக்கு ஒரு கேள்வி பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள், சும்மா 1 என்று சொல்லாதீர்கள். 11 கேள்வியில் ஒன்றை விடலாம். 30 கேள்வியில் மூன்று வரை விடலாம். பெரிய தாளில் புருஷன் பெண்டாட்டி விஷயமாகவும் ஒரு கேள்வி இருக்கிறது. (சிரிப்பு.) சிரிங்க, சிரிங்க. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் தனியாக இருந்தால் சொல்லலாம், நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை.

அதனால்தான் கூட வருகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறோம். அம்மாவைக் கேட்டால் மகன் பதில் சொல்கிறார். "நல்லாத்தான் இருக்காங்க, எல்லா வேலையும் செய்யறாங்க." எல்லா வேலையும் செய்கிறார்கள், உண்மை. எப்படிச் செய்கிறார்கள் என்பது மகனுக்குத் தெரியாது.

இது மணிக்கட்டுக்கு மட்டும் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்குத் தோள் இறுகலாம், கை வீங்கலாம். அவர்கள் பெரும்பாலும் உயிர் பிழைத்ததே பெரிது என்று கையைப் பற்றி வாயே திறப்பதில்லை. கொடியில் துணி போட முடியவில்லை, அந்தப் பக்கத்து வளையல் மட்டும் இறுகுகிறது என்றால் அதைச் சொல்லவேண்டும், உடனே. கை மதமதப்புக்கு மணிக்கட்டில் நரம்பு ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தூக்கக் கேள்விதான் முக்கியம். ராத்திரி எழுந்து கையை உதறுகிறீர்களா என்பதை அதில் சொல்லுங்கள். கட்டுப் போட்ட கையில் விரல் நீலமாவது, தாங்க முடியாத வலி, விரல் மரத்துப் போவது, இதற்கெல்லாம் தாளுக்காகக் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

குழுவில் என்ன செய்யலாம் என்று தலைவி அம்மா கேட்டார்கள். 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டிலேயே முதலில் இந்தக் குழுக்கள் ஆரம்பித்தன என்று காலையில் இங்கே பெருமையாகப் பேசினார்கள். அன்றிலிருந்து நீங்கள் செய்வது, ஒருத்தி வீட்டு நிலவரத்தை இன்னொருத்தி கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போவதும் குழுப் பெண்கள்தான், அதில் பிசியோதெரபிக்கும் ஆள் வருகிறார்கள். கை ஆபரேஷன் ஆன உறுப்பினர் யாராவது இருந்தால், வாரக் கூட்டத்தில் "எப்படி இருக்கே" என்று கேட்காதீர்கள். குக்கர் மூடி திறக்கிறியா, தலையை நீயே பின்னிக்கிறியா, எந்தக் கையால் சாப்பிடறே என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் போட்ட மார்க்கையும் தேதியையும் சேமிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். போன தடவையை விட இந்தத் தடவை குறையவில்லை என்றால் அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள். தவணை நிற்கும் வரை காத்திருக்கவேண்டாம்.

பதினொரு கேள்வித் தாளைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வேப்பமரத்தடி மேசையில் உட்கார்ந்திருப்பேன். கை ஆபரேஷன் ஆனவர்கள், போன வருடம் ஆனவர்கள் கூட, வாங்க. கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இன்றைக்கு அவசரமே இல்லை, நாலரை மணி பஸ்ஸுக்குத்தான் போகிறேன். ஒவ்வொருத்தராக வாங்க, பதிலை நீங்கள்தான் சொல்லவேண்டும்.